சிவக்க மறுத்த வரி

நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அக்காவுக்கு வேலை. தொலைவில் ஓடும் பம்புகளின் நிலவரத்தைத் திரையில் வரி வரியாகக் காட்ட ஒரு டெர்மினல் நிரலைத் தம்பி எழுதிக் கொடுத்திருந்தான். "என் தம்பி எழுதினது, பிசகாது" என்று மேனேஜரிடம் அடித்துப் பேசி, பழைய திரைக்குப் பக்கத்திலேயே அதையும் ஓட விட்டிருந்தாள். ஒரு வாரம் சமர்த்தாக ஓடிய சனியன், எந்தத் திரை வேண்டும் என்று மேனேஜர் முடிவு சொல்ல வரும் இன்று பார்த்துத்தானா உளற வேண்டும்! மூன்றாம் பம்பின் வரிக்கு முன்னால் மட்டும் "[31m" என்று குப்பை.

அக்கா கூப்பிட்டதும் ஓடிவந்த தம்பிக்கு அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்தது. எஸ்கேப் சீக்வென்ஸ். எழுத்துகளுக்கு நடுவே வந்து நிறத்தை மாற்றச் சொல்லும் கட்டளை. நிரல் அதற்குக் கீழ்ப்படிய வேண்டுமே தவிர, திரையில் கொட்டக் கூடாது. வீட்டில் சோதித்தபோதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

"டேய், மேனேஜர் மட்டும் இதைப் பார்த்து..." என்று தொடங்கிய அக்கா, ஃபோன் அடிக்கவே எடுத்துப் பேசினாள். வைத்துவிட்டு, "...வேணாம்னுட்டா என் மானமே போயிடும்டா" என்றாள்.

தம்பி துள்ளி எழுந்தான்.

"அதேதான்க்கா! நீ பாதியில விட்டாலும் நான் முதல் பாதியை மறக்கல. என் நிரல் மறந்துடுது! இங்க லைன் மெதுவு, கட்டளை ரெண்டு துண்டா வருது. முதல் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு, மீதியை வெறும் எழுத்துன்னு நினைச்சுக்குது!"

விரல்கள் பறந்தன. பாதி வந்ததைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மீதிக்குக் காத்திரு என்று சில வரிகள், அவ்வளவுதான். நிரலை மறுபடி ஓட்டினான். குப்பை போன இடம் தெரியவில்லை. மூன்றாம் பம்பின் வரி பளிச்சென்று சிவந்தது.

"வந்துடுச்சுக்கா! சிவப்பு வந்துடுச்சு!" அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அக்காவின் முகம் மாறியது. "சிவப்புன்னா பம்ப் சூடாயிடுச்சுன்னு அர்த்தம்டா!" பாய்ந்துபோய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். முப்பத்தொன்று என்றால் சிவப்பு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்வான். குப்பை எங்கே கசிகிறது என்று தேடினானே ஒழிய, என்ன சொல்கிறது என்று படிக்கவே இல்லை.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். சிவந்த வரியைப் பார்த்ததும் பதறி, "எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

"அரை மணியா அது சொல்லிட்டுதான் சார் இருந்துச்சு. எங்களுக்குத்தான் இப்ப புரிஞ்சுது. பம்பை நிறுத்திட்டேன்."

மேனேஜர் பழைய திரையைக் குனிந்து பார்த்தார். அதே சூடு அங்கே எண் கூட்டத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. தேடிக் கண்டுபிடிக்க அவருக்கே நேரமானது.

"அந்தப் பழசை அணைச்சிடும்மா" என்றார்.

அக்கா அணைத்தாள். திரும்பும்போது தம்பியின் தலையில் நச்சென்று ஒரு குட்டு வைத்தாள்.

"இனிமே குப்பையா இருந்தாலும் படிடா!"