தெரிந்தவர்களிடம் கேட்கக் கூடாது

தெரணியகலையிலிருந்து த்ரீவீல் மலையேறத் தொடங்கியதும் றிப்னா பேச்சை நிறுத்திக்கொண்டாள். இருபத்தேழு வருடங்களாக அவள் இந்தப் பாதையில் வரவில்லை. அவளுடைய வாப்பா ஹலீம், இறப்பர் தோட்டத்துச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு உம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேகாலைக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் வந்தது கருத்துக்கணிப்புக்காக. கடந்த முறை பிரதேச சபைத் தவிசாளராக இருந்தவர் மறுபடியும் போட்டியிடுகிறார். அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொழும்புக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுகிறவர்கள் என்று தோட்டப் பகுதிக்கு றிப்னாவையும் இந்திரகுமாரையும் அனுப்பினார்கள்.

விதிகள் கறாரானவை. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. அந்த வீட்டிலுள்ள வளர்ந்தவர்களின் பெயர்களைக் கையிலுள்ள டெப் கணினியில் பதிந்தால் யாரிடம் கேட்பது என்று அதுவே ஒருவரைத் தேர்ந்து சொல்லும். அவர் தெரிந்தவராக இருந்தால் கேட்கக் கூடாது.

வாப்பாவின் கடை இருந்த இடத்தில் போன் ரீலோட் போடும் கடை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தகரக் கூரைக்கு யாரோ நீலச் சாயம் அடித்திருந்தார்கள். ஆனாலும் இறப்பர் பாலின் அந்தப் புளித்த வாசம் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் றிப்னாவுக்கு ஏனோ கண் கலங்கியது. இந்திரகுமார் பார்க்குமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

பதினைந்தாவது வீட்டில் ஒருத்தி அப்போதுதான் பால்வெட்டு முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ். சர்வேங்களா? பக்கத்து வீட்ல சொன்னாங்க."

"வீட்ல பெரியாக்கள் எத்தன பேர்?"

"நானும் மாமியாரும்தாங்க. அவரு கொழும்புல வேல."

"உங்கட முழுப் பேர்?"

"நாகலிங்கம் ஷாமிளா."

றிப்னாவின் விரல் டெப்பின் மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டி, முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. ஆனால் அந்த இடது புருவம் மட்டும் உயர்கிற விதம் அப்படியேதான்.

"ஷாமி, என்னத் தெரியுதா? நான் கடை ஹலீம் நானாட மகள்."

ஷாமிளா ஈரக்கையோடு அவள் முகத்தைப் பிடித்தாள். "அடிப் பாவி! றிப்னாவா நீ! மிஸ்ஸு மிஸ்ஸுன்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கேன்!"

அவர்கள் ஒரே வகுப்பு. பதின்மூன்று வயதில் இந்த லயங்களில் இருவருமாக ஒரு தேர்தல் கணிப்பே நடத்தியிருக்கிறார்கள். ரேடியோவில் யாரோ அப்படிச் செய்ததாகக் கேட்டுவிட்டு, எண்பது பக்கக் கொப்பியில் கோடு போட்டு, அறுபத்துநாலு வீட்டுக்கும் போனார்கள். வாப்பாவின் கடையிலிருந்து எடுத்த ஜுஜுப்ஸ் இனிப்புதான் இருவருக்கும் சம்பளம். தோட்டத்து ஆள் ஒருவரும் டவுன் முதலாளி ஒருவரும் நின்ற தேர்தல் அது. தோட்டத்து வாக்கெல்லாம் தோட்டத்து ஆளுக்குத்தான் என்று ஊரே சொன்னது. கொப்பியில் முதலாளிதான் ஜெயித்தார். தோட்டத்து ஆளுக்காக வேலை செய்த ஷாமிளாவின் அப்பா நாகலிங்கம் அதைப் பார்த்து இரண்டு பேரையும் முழங்காலில் நிற்கவைத்தார். வாக்கு எண்ணியபோது கொப்பி சொன்னதுதான் நடந்தது. ஒரு கிழமை முழுக்க அவர் மகளின் முகத்தைப் பார்க்காமலேயே தேத்தண்ணி குடித்தார்.

"புள்ளைங்கதானேன்னு நம்மகிட்ட உண்மையச் சொல்லிட்டாங்க" என்று ஷாமிளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, இப்ப கேளு."

மாமியார் பெயரையும் பதிந்ததும் டெப் ஷாமிளாவின் பெயரைத்தான் தேர்ந்தது.

"கேக்க ஏலாது ஷாமி. தெரிஞ்சவங்ககிட்ட கேக்கக் கூடாதாம். அடுத்த வீட்டுக்குப் போகணும்."

ஷாமிளாவின் சிரிப்பு நின்றது. "இத்தன வருசத்துல எங்கிட்ட வந்து, உனக்கு என்ன தோணுதுன்னு யாருமே கேட்டதில்ல. வருவாங்க, நோட்டீஸக் குடுப்பாங்க, போவாங்க. இன்னிக்கு எம் பேரு வந்திருக்கு. கேக்காமப் போறியா?"

றிப்னா தலையைக் குனிந்தாள்.

"நாலு கடிதம் போட்டேன் உனக்கு" என்றாள் ஷாமிளா, மெதுவாக. "அதுக்கும் பதிலு இல்ல."

நான்கும் வந்து சேர்ந்திருந்தன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வாப்பா இல்லாத வீட்டைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள். தள்ளிப்போட்டதை எடுத்து எழுத வெட்கமாகிவிட்டது. அதை றிப்னா சொன்னாள். ஷாமிளா ஸ்டூலை விட்டு எழவில்லை.

றிப்னா வாசலில் நின்று மேற்பார்வையாளர் ஸப்வானுக்குப் போன் எடுத்தாள்.

"ஸேர், பேர் விழுந்தவ எனக்குத் தெரிஞ்சவ. ஆனா அவட பேர வெட்ட மனமில்ல. இந்திரகுமார் கேட்டா ஹரியா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹரி, அவரே கேக்கட்டும். ஆனா நீங்க பக்கத்துல நிக்கக் கூடாது."

இந்திரகுமார் உள்ளே போனார். றிப்னா பொதுக் குழாயடிக்கு நடந்தாள். பத்து நிமிடக் கேள்விகள் அரை மணியானது. வெளியே வந்த இந்திரகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, ஒவ்வொரு கேள்விக்கும் காரணமும் சொல்றாங்க. காரணம் எழுத இதுல எடமே இல்ல."

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது. நாகலிங்கம் இறந்துபோன கதை, கொழும்பில் இருக்கும் கணவன், றிப்னாவின் மூத்த மகள் என்று பேசினார்கள். யாருக்கு வாக்கு என்று றிப்னா கேட்கவில்லை. ஷாமிளாவும் சொல்லவில்லை. கிளம்பும்போது போன் நம்பர்களை மாற்றிக்கொண்டார்கள்.

தவிசாளர் சுலபமாகத் திரும்பி வருவார், நூற்றுக்கு ஐம்பத்தேழு என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. வாக்கு எண்ணியபோது அவர் நன்றாகவே தோற்றிருந்தார். கொழும்பிலிருந்து ஸப்வானுக்கு ஏச்சு. அன்று பின்னேரம் றிப்னா ஷாமிளாவுக்கு அழைப்பெடுத்தாள்.

"எங்க லயத்துல முக்காவாசிப் பேரு உங்களுக்குப் பொய்தான் சொன்னாங்க" என்றாள் ஷாமிளா. "நீங்க வந்த த்ரீவீலு அந்தத் தவிசாளர் மாத்தயாவோட மச்சானோடதாமே. அவரு ஆளுங்கன்னு நெனச்சுட்டாங்க."

றிப்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "நீயும் பொய்யா சொன்ன?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு விடாம உள்ளதத்தான் சொன்னேன். மனசுல இருந்தது எறங்கிப்போச்சு."

தொலைவில் யாரோ பட்டாசு கொளுத்தும் சத்தம் போனில் கேட்டது.

"வார ஞாயிறு வரட்டா?" என்றாள் றிப்னா. "மகளயும் கூட்டிட்டு?"

"பஸ்ஸுல வா" என்றாள் ஷாமிளா. "சந்தியில நான் நிக்கிறேன்."