அடுப்படி ஜன்னல் கரையைப் பார்க்கும் நாட்கள்

தினசரிப் படகு வரத் தொடங்கிய வருடத்திலிருந்து தீவு சுற்ற ஆரம்பித்தது. வேகமாக அல்ல; நாளைக்கு நாலு தப்படி. கயிறு கட்டுவதற்கு முன் படகின் மூக்கால் துறையை ஒரு முறை இடிப்பது இங்குள்ள படகோட்டிகளின் வழக்கம். வந்து சேர்ந்தாயிற்று என்று பயணிகளுக்குத் தெரிய வேண்டுமே. மாதம் ஒரு படகு வந்த காலத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. தினம் எட்டுப் படகு வந்தபோது, அஸ்தமன மேடையில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்த பயணிகளுக்கு முதுகுப் பக்கம் சூரியன் மறைந்தது. பலகை எழுதுகிறவர் மேடைப் பெயர்ப்பலகையின் பின்பக்கத்தில் 'உதய மேடை' என்று எழுதி, திருப்பி மாட்டிவிட்டுப் போனார்.

மேடையில் சீட்டுக் கிழிக்கிறவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய ஒரே மகள் சண்டை போட்டுக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்திருந்தாள். 'இனி இந்த வாசலை மிதிக்காதே' என்றது தாய்தான். இருந்தும் தினம் சாயங்காலம் ஆறரைக்கு, எதிர்க்கரை நர்ஸ் விடுதி மாடியிலிருந்து மகளின் டார்ச் மூன்று முறை மின்னும். தீவு சுற்றத் தொடங்குமுன் இரண்டு வருடம் தாய் அடுப்படி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். ஒரு நாளும் பதில் வெளிச்சம் காட்டவில்லை. நாளைக்குக் காட்டலாம் என்று இருந்தாள். அதற்குள் ஜன்னல் நடுக்கடலுக்குத் திரும்பிவிட்டது. கரை தெரிகிற பக்கமாகப் போய் நின்று பார்க்கலாம்தான். ஆனால் மகளுக்குத் தெரிந்தது அந்த ஒரு ஜன்னல். கோபம் என்று தான் நினைத்திருந்தது, நின்ற இடத்தைவிட்டு அசையப் பயந்ததுதானோ என்று சீட்டுக் கிழிக்கும்போதெல்லாம் தோன்றியது. கிழிக்க வேண்டாத பாதியையும் கிழித்தாள்.

படகோட்டியான கணவர் சொன்னார்: "படகு நம்மகிட்டதான இருக்கு. முக்கா மணி நேரம். போய்ப் பாத்துட்டு வந்துடேன்."

"நான் எதுக்குப் போகணும்? போனவ அவதான."

"அப்ப தீவே கெளம்பிப் போய்ப் பாக்கணுமாக்கும்."

இடிப்பதை நிறுத்திவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது அவள் ஒருத்திதான் எழுந்தாள். "இப்ப நிறுத்தினா என் ஜன்னல் காலத்துக்கும் வெறுங்கடலப் பாத்துக்கிட்டுக் கெடக்கும். ஒரு சுத்து முழுசா வரட்டும்." யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கணவர் இரண்டு முறை இடித்தார்.

ஏழு மாதத்தில் கரை ஜன்னலுக்குள் வந்தது. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று, டார்ச் மின்னவில்லை. அடுப்படி விளக்கை அவளே மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. பிறகு அங்கே மூன்று முறை மின்னிற்று. மேடையிலிருந்த பயணிகள் கைதட்டினார்கள்.

அந்தத் தடவை கரை ஜன்னலில் பதினோரு நாள் நின்றது. விளக்கும் பயணிகள் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏறியது. பார்க்கக் கூட்டம் கூடியது, படகு கூடியது, தீவு விரைந்தது. அடுத்த சுற்றில் ஆறு நாள். அதற்கடுத்து மூன்றே நாள். நாலாம் நாள் சாயங்காலம் ஜன்னல் முழுக்கக் கடலாக இருந்தது. அவள் விளக்கைப் போடாமல் நின்றாள்.

மூன்று நாள் போதவில்லை என்று மகள் அன்றைய கடைசிப் படகில் ஏறியிருந்தாள். துறையில் அது இரண்டு முறை இடித்து நின்றபோது, தரை ஓர் அடி நகர்ந்ததை அடுப்படியில் நின்றவள் உள்ளங்காலில் உணர்ந்தாள். உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.