கோட்டை உச்சியில் எடுத்த படம்

டெனிஷ் நகரசபையான கொம்யூனில் இருந்து வந்த கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நான் ஜேர்மனிக்குப் போய்க் கோட்டை பார்த்ததாகவும் கோபுரத்தில் ஏறியதாகவும் அவர்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறதாம். அதைப்பற்றிக் கதைக்க வியாழக்கிழமை பத்து மணிக்கு வரட்டாம். கீழே படமும் இணைத்திருந்தார்கள். இடிந்த கோபுரத்தின் உச்சியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல் முழுக்கத் தெரிய நிற்பது சாட்சாத் நானேதான்.

முதுகு நோவென்று ஐந்து மாதமாகக் கொம்யூனின் நோய்க்காசு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருப்பவன் இப்படி நின்றால் யார் நம்புவார்கள்? முப்பது வருடம் இந்த நாட்டில் ஒழுங்காக வாழ்ந்துவிட்டுக் கடைசியில் கள்ளன் என்று பெயர் எடுக்கப்போகிறேன். வழக்கமாக டெனிஷ் கடிதங்களைப் பார்ப்பதும் பதில் எழுதுவதும் மகள் துவாரகாதான். ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள். இந்த வெட்கக்கேட்டை அவளிடம் காட்ட மனம் வரவில்லை.

அன்று காரில் போனது நாங்கள் நாலு பேர்: நான், என் மனைவி விமலராணி, என் கூட்டாளி றொபேர்ட், அவன் மனைவி மாக்கிரட். படம் எடுத்தவன் றொபேர்ட். இரண்டு வீட்டாருக்கும் பொதுவான வைபர் குழுவில் 'எண்பத்தாறு படி!' என்று எழுதி அதைப் போட்டவனும் அவனே. விமலராணி என்னைப் பேசுவாள், காட்டிக்கொடுக்க மாட்டாள். மாக்கிரட் எறும்பு கடித்தாலும் அதற்காக ஜெபிக்கிற மனுசி. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

றொபேர்ட்டும் நானும் பிராண்டேயில் ஒரே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம். எங்கள் ஆட்கள் ஜேர்மன் எல்லைக்குப் போவது மலிவாகக் குடிபானம் ஏற்றிவர. அவன் போவது இடிந்த சுவர் பார்க்க. ஒரு பழைய கல்லைக் கண்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"வீட்டுக்குள்ளையே கிடந்து பழுதாப் போகாதை. வா, உனக்குக் கோட்டை காட்டுறன்," என்று அவன் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இப்போது யோசித்தால், ஐந்து மாதமாக இல்லாத அக்கறை திடீரென்று எங்கே இருந்து வந்தது?

முதலில் போனது தண்ணீருக்கு நடுவே நின்ற ஒரு வெள்ளைக் கோட்டை. பாலத்தில் நடக்கும்போது றொபேர்ட் எனக்குப் பின்னாலேயே வந்தான். "நடை பரவாயில்லையே, நோ குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டான். "கொஞ்சம்," என்றேன். முட்டாள்தனமாகச் சொன்னேன். இரண்டாவது கோட்டையில் இப்போதும் ஒரு பிரபு குடும்பம் இருக்கிறதாம், ஞாயிறு மட்டும்தான் திறப்பார்களாம். வேலிக்கு வெளியே வயல் கரையில் நின்று மாக்கிரட் கொண்டுவந்த ரோல்சைத் தின்றோம். அங்கேயும் கேட்டான், எப்போது வேலைக்குத் திரும்புவாய் என்று.

மூன்றாவதுதான் அந்தப் பாழ். ஒரு சின்னக் கிராமத்துக்குப் பின்னால் மண்மேடு, அதில் அரைச் சுவரும் ஒரு கோபுரமும். சுவரில் செம்மறிகள் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றன. கோபுரத்தின் சாவி கீழே பாண் கடையில் இருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்க வேண்டும். றொபேர்ட் என் பக்கம் திரும்பி, "நவம், உன்ரை லைசன்சைத் தா," என்றான். கொடுத்தேன். கடைக்காரி ஒரு கொப்பியில் என் பெயரையும் திகதியையும் எழுதினாள்.

அவனுடைய சட்டைப்பையில் லைசன்ஸ் இல்லையா? ஏன் என்னுடையது? சாட்சி சேர்த்திருக்கிறான் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரும்புப் படிகள் எண்பத்தாறு. "ஏலுமெண்டா ஏறு, ஏலாட்டி இறங்குவம்," என்றான். ஐந்து மாதத்தில் நான் ஏறிய பெரிய ஏற்றம் எங்கள் வீட்டு வாசற்படிதான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. நாலு பக்கமும் மஞ்சள் வயல், தூரத்தில் காற்றாலைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கையைத் தூக்கு, வடிவா இருக்கும்," என்றான் றொபேர்ட். தூக்கினேன். அந்தக் கைதான் கொம்யூனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

காரணமும் கையோடு கிடைத்தது. நான் படுத்த பிறகு, தொழிற்சாலையில் குழுப் பொறுப்பாளர் என்ற என் இடத்தில் றொபேர்ட்டைத்தான் விட்டிருக்கிறார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். நான் பொய்க்காரன் என்று ஆகிவிட்டால் அது நிரந்தரம்.

மூன்று நாள் இதையே அரைத்துக்கொண்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை விமலராணி முதியோர் இல்லத்து வேலைக்குப் போன பிறகு கணினியைத் திறந்தேன். சனி ஞாயிறுகளில் றொபேர்ட் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பான். வரிக் கணக்கில் வராத வேலை. ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. இப்படியானதை அறிவிக்கவென்றே வரி இலாகாவின் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, சொல்பவர் பெயர் தேவையில்லை. அவன் பெயர், விலாசம், வேலை செய்த இரண்டு வீடுகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

வியாழக்கிழமை கொம்யூனில் ஒரு அலுவலர் அம்மா என்னைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். படத்தைக் கணினியில் காட்டி, "எண்பத்தாறு படியா? பெரிய முன்னேற்றம்!" என்று சிரித்தார். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கிப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கள்தான். உங்கள் பெயரில்தான் வந்திருக்கிறது."

கார் நிறுத்துமிடத்தில் நின்று மகளுக்குப் போன் எடுத்தேன். துவாரகா டெனிஷில் சாதாரணமாகச் சொன்னாள். நோய்க்காசு எடுப்பவர் வெளிநாட்டுக்குப் போனால் அறிவிக்க வேண்டும் என்பது விதி, அதனால் அப்பாவின் பெயரில் எழுதினாளாம். குழுவில் படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பெருமையாக இருந்ததாம், அதையும் சேர்த்தாளாம். கடைசியில் மட்டும் தமிழில் கேட்டாள், "ஏன் அப்பா, பிழையோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து தேடினேன். சொன்னதைத் திருப்பி எடுக்க அதில் வழி இல்லை. எனக்கு என்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல. றொபேர்ட்டிடம் போய்ச் சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. போகவில்லை. அவனுக்குக் கடிதம் வராமலும் போகலாம் என்று ஒரு நப்பாசை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, றொபேர்ட் வரி இலாகாவின் கடிதத்தோடு வந்தான். விமலராணி வேலைக்குப் போயிருந்தாள். அவன் முகம் கறுத்துப்போய் இருந்தது.

"ஆரோ எழுதிப் போட்டிருக்கினம், நவம். எந்தெந்த வீடு எண்டெல்லாம் விபரமாக் கேட்டிருக்கிறாங்கள். தண்டம் வரும். பரவாயில்லை, பிழை செய்தனான், கட்டுறன். ஆனா ஆர் எண்டு தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை. கோயிலுக்குப் போனால் ஒவ்வொருத்தன்ரை முகத்தையும் பாக்கிறன். உன்னட்டைத்தான் வாய்விட்டுச் சொல்லலாம்."

நான் கதிரையை இழுத்துவிட்டேன். அவன் இருக்கவில்லை.

"இக்காஸ்ட்டில இருக்கிற தேவராசா, தன்ரை வீட்டு விறாந்தைக்கு நிறம் பிழைச்சுப் போச்செண்டு சண்டை பிடிச்சவன். அவன்தான். நீ என்ன நினைக்கிறாய்?"

"இருக்கலாம்," என்று என் வாய் சொன்னது. சொன்னது நான்தான், வாயைக் குறைசொல்லி என்ன பயன்.

"அப்ப வா, நேர போய்க் கேப்பம். நீ பக்கத்தில நிண்டா எனக்குக் கோவம் வராது."

வாசலில் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கொழுவினேன். அன்று முதுகு இறுகிப்போய் இருந்தது, குனிய முடியவில்லை. அதைக் கண்டதும் றொபேர்ட் கடிதத்தை நிலத்தில் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அவனுடைய உச்சந்தலை வழுக்கை எனக்குக் கீழே தெரிந்தது. ஒரு கால் முடிந்தது.

"றொபேர்ட், தேவராசா இல்லை," என்றேன். "நான்தான் எழுதினது."

அவன் கை நின்றது. தலை நிமிரவில்லை. நான் படத்தைச் சொன்னேன், லைசன்சைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன், மகளைச் சொன்னேன். எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னேன்.

"என்ரை லைசன்ஸ் மாக்கிரட்டின்ரை பையுக்குள்ளை கிடந்தது. அவ மேட்டுக்கு முன்னமே ஏறிப் போயிட்டா," என்றான்.

பிறகு மற்றச் சப்பாத்தின் கயிற்றையும் இழுத்து, அவிழாதபடி இரண்டு முடிச்சாகக் கட்டினான். கடிதத்தை எடுத்துக்கொண்டு எழும்பி, என் முகத்தைப் பார்க்காமல் காருக்குப் போனான்.