கூண்டு மட்டும் பாக்கி

"மெதுவா, மெதுவா! பலகை சாயுது பாரு" என்றான் தம்பி ராய்ஸ்.

நோரீன் மேசையின் தன் பக்கத்தைத் தொடையில் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். மேசைமேல் இருந்த பலகை அரை விரல் நகர்ந்து நின்றது. பலகை முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். அவற்றுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்துக்கு, பித்தளைக் குழாய்களால் ஆன ஒரு வண்டியின் சட்டகம் அசையாமல் பிடிபட்டிருந்தது. என்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, மேல்தகடு இல்லை. ஊசி தடிமனில் நீண்ட இரண்டு குழாய்களும் அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படிகள் போலச் சில துண்டுகளும்தான்.

"வெளிய எடுத்துட்டா நல்லது" என்று நர்ஸ் மரிசெல்தான் சொல்லியிருந்தாள். "ரெண்டு பக்கமும் ஆள் நின்னாத்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியும்."

அப்பாவின் கட்டில் முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. வெர்லின் ஸ்ட்ராட் என்ற அந்தப் பெரிய உடம்புக்காரர், எண்ணெய் வயலில் முப்பது வருஷம் குழாய்களைப் பற்றவைத்தவர், இப்போது போர்வைக்குள் இருப்பதே தெரியாதபடி சுருங்கிப்போயிருந்தார். பேச்சு நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேசை கதவைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார். வலது கை போர்வையிலிருந்து எழும்பி, காற்றில் எதையோ பிடிப்பதுபோல நின்றது.

நோரீன் மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"என்னப்பா? தண்ணியா?"

ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்தாள். அவர் உறிஞ்சவில்லை. கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, கதவுப் பக்கம் எதையோ பார்த்தன. பிறகு கை இறங்கியது.

"தாகம் போலிருக்கு" என்றாள் நோரீன், யாரிடம் என்றில்லாமல்.

ராய்ஸ் மேசையைத் தனியாக இழுத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போய்விட்டான்.

*

அவள் ரீனோவிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. "வந்துட்டா பஸ்காரி" என்றுதான் ராய்ஸ் அவளைக் கட்டிப்பிடித்து வரவேற்றான். பிறகு அவளை விடாமலே சொன்னான். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்ல நீ. அப்ப பேசிட்டு இருந்தாரு."

வந்திருக்கலாம். வசந்தத்தில் அப்பாவே போன் செய்து கூப்பிட்டார். அவர் போன் செய்கிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அவள் பிறந்தநாளுக்கு ஒன்று, அதிலும் வானிலையைத் தாண்டிப் பேச்சு போகாது.

"நோரீன், நம்ம பழைய வண்டிய சின்னதாப் பண்ணிட்டிருக்கேன். இருபத்தஞ்சுல ஒரு பங்கு அளவுல."

"எந்த வண்டி?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"நீ ஓட்டுன வண்டி. சட்டகம் முடிஞ்சுது. கூண்டு மட்டும் பாக்கி. ஹெல்மெட் போட்டு உக்காந்தா உன் தலைக்கு மேல எவ்வளவு இடம் இருந்துச்சு?"

ஓட்டுபவரின் தலையைச் சுற்றி வளைந்து நிற்கும் இரும்புக் குழாய், அதுதான் கூண்டு. வண்டி உருண்டால் உயிரைக் காப்பது அது ஒன்றுதான்.

"நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுப்பா. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"சரி. ஒரு நாள் வந்துட்டுப் போயேன். நேர்ல பாத்தா ஞாபகம் வரும்."

"ஸ்கூல் லீவு விடட்டும், வர்றேன்."

லீவு விட்டது. அவள் தோழிகளோடு ஆரிகன் கடற்கரைக்குப் போனாள்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாலு விரல். கையைப் படுக்கவைத்து ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்தால், சரியாக நாலு விரல். சொல்ல வாய் வரை வந்தும் சொல்லவில்லை. நீங்களும் கொஞ்சம் தெரியாமல் இருங்கள் என்று ஒரு சின்னக் கோபம், அவ்வளவுதான். அத்தனை வருஷம் பழகிய கோபத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பத்தொன்பது வயதில் அவள் அந்த வண்டியை மூன்று முறை ஓட்டினாள். பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருந்த கால் மைல் பந்தயப் பாதையில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில். அதற்கு முன் டெல்பர்ட் அங்கிள்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தொப்பை வந்துவிட்டது. "இனிமே இவன உள்ள ஏத்தணும்னா கிரீஸ் தடவித்தான் ஏத்தணும்" என்று சொல்லி, அப்பா அவருடைய கூண்டை அறுத்தெறிந்துவிட்டு, மகளின் உடம்புக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒன்று செய்தார். அளவெல்லாம் எடுக்கவில்லை. அவளை உட்காரவைத்துக் கண்ணாலேயே பார்த்தார். மூன்று ஓட்டத்திலும் வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. அடுத்த சனிக்கிழமை ஷெட் காலியாகக் கிடந்தது.

"வித்துட்டேன்" என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"வித்துட்டேன்னா வித்துட்டேன்."

அந்த ஞாயிறு பாதையோரம் நின்றவர்கள் கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது. 'வெர்லின், வேற ஆள் கெடைக்கலையா, பொண்ணையா ஏத்துவ?' அந்தப் பேச்சுக்கு அவர் வளைந்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஒரு மாதத்தில் ஊரைவிட்டுப் போனாள்.

*

டெல்பர்ட் ஓக்ஸ் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு வந்தார். எண்பது வயது. தொப்பை எல்லாம் போய், சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகே தொப்பியைக் கழற்றி நின்று, "டேய் வெர்லின், நான்தான்டா" என்றார். அவர் கொஞ்ச நேரம் நண்பரின் பாதத்தைப் போர்வைக்கு மேலேயே பிடித்தபடி நின்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"மேசை எங்க?"

"ஷெட்ல வெச்சிருக்கோம் அங்கிள். இடைஞ்சலா இருந்துச்சு."

அவர் ஷெட்டை நோக்கி நடந்தார். நோரீன் பின்னால் போனாள். வெளியே பாதாம் அறுவடைத் தூசி காற்றில் மஞ்சளாக நின்றது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகைமேல் குனிந்தார். "இந்த மூட்டப் பாரும்மா. ஒரு குழாய் இன்னொரு குழாய்ல உக்கார்ற எடத்த மீன் வாய் மாதிரி அரத்தால ராவியிருக்கான். இடுக்கே தெரியாது. ஒரு மூட்டுக்குச் சூடு காட்டுனா பக்கத்து மூட்டுல ஈயம் எளகி வந்துடும். அதனால பக்கத்துல எல்லாம் ஈரப் பஞ்சு சுத்தி வெச்சுட்டு பண்ணுவான். ஒரு நாளைக்கு ஒரு மூட்டுதான். 'என்னடா இது, பச்சப்புள்ளைக்கு வைத்தியம் பாக்கற மாதிரி'ம்பேன் நான்."

"கூண்டு மட்டும் வரலைன்னு சொன்னாரு."

"வராமயா?" டெல்பர்ட் மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தகர மூடியை எடுத்தார். அது நிறையப் பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. வளைவு பிசகாமல், மினுமினுவென்று. "இத்தனையும் கூண்டுதான். ஒவ்வொண்ணையும் பத்த வெச்சுட்டு, ரெண்டு நாள் பாத்துட்டு இருந்துட்டு அறுத்துப் போட்டுருவான். 'நல்லாத்தானடா இருக்கு'ன்னா, 'இல்ல, இது அவ அளவு இல்ல'ம்பான்."

நோரீன் ஒரு வளையத்தை எடுத்தாள். உள்ளங்கையில் அதற்கு எடையே இல்லை.

"அவரே பண்ணின வண்டி. அவருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? போட்டோகூட ஒண்ணு வெச்சுக்கல. அறுத்துப் போட்டதுல ஒரு துண்டாவது வெச்சிருந்தா அளந்து பாத்திருக்கலாம்."

"அறுத்தா? வித்துட்டாருல்ல?"

டெல்பர்ட் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"யாரு சொன்னா வித்தான்னு? நானும் அவனும்தானம்மா அறுத்தோம். இதே எடத்துலதான். இரும்பு வெட்டற கேஸ் டார்ச்ச அவன் தொடவே இல்ல. ரம்பத்தாலயே அறுத்தோம். ஒரு ராத்திரி முழுக்க."

"எதுக்கு?"

"எதுக்கா? பிளவுக்குத்தான்." சொல்லிவிட்டு நிறுத்தினார். அவள் முகத்தில் எதையோ தேடினார். "உனக்குத் தெரியாதா? நீ மூணாவது தடவ ஓட்டி முடிச்சதும் துடைக்கறப்ப பாத்தான். கூண்டு கீழ சேர்ற எடத்துல, உன் தோளுக்குப் பக்கத்துல, அவன் பத்தவெச்சது விட்டுப்போயிருந்துச்சு. நகம் நுழையற அளவு. இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தா..." அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "அவன் சொல்லியிருப்பான்னு நெனச்சேனே. இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருப்பான்னு."

"நாலாவதும் ஓடறேன்னு கெஞ்சினேன்" என்றாள் நோரீன். "வேணாம், எறங்குன்னாரு."

"எறக்கிட்டு வண்டிக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தான். அதுக்கப்புறம் எவன் வந்து கேட்டும் கூண்டு செஞ்சு தரல. சட்டகம் பண்ணித் தருவான், கூண்டு வேற எவன்கிட்டயாவது பண்ணிக்கோம்பான்."

அவள் கையிலிருந்த வளையத்தை மூடியில் திரும்ப வைத்தாள். அது மற்றவற்றோடு கலந்துவிட்டது. காலையில் கதவுப் பக்கம், அவள் தோளைத் தாண்டிப் போன பார்வை எதை நோக்கிப் போனது என்பது அப்போதுதான் உறைத்தது. மேசையைக் கேட்டவருக்கு அவள் தண்ணீர் கொடுத்திருந்தாள்.

"அங்கிள், அந்தப் பக்கம் புடிங்க. மேசைய உள்ள கொண்டுபோயிடலாம்."

"என்னால தூக்க முடியாதும்மா. ராய்ஸக் கூப்பிடு."

கூப்பிட வாயைத் திறந்தபோது சமையலறைக் கதவில் மரிசெல் நின்றுகொண்டிருந்தாள். "நோரீன், வாங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

*

மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. பிறகு மறுபடி ஒன்று. ராய்ஸ் ஒரு பக்கம் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தான். டெல்பர்ட் கால்மாட்டில் நின்றார். நோரீன் மறுபக்கம் மண்டியிட்டாள். காலையில் மேசை நின்றிருந்த இடம் அது.

அவர் காதருகே குனிந்தாள். சொல்ல வேண்டியவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முண்டியடித்தன. நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன் என்பது ஒன்று. ஏன் சொல்லவில்லை என்பது ஒன்று. இவ்வளவு வருஷம் என்பது ஒன்று. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"நாலு விரல்ப்பா. ஹெல்மெட்டுக்கு மேல நாலு விரல் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

ராய்ஸ் புரியாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு விரல்" என்றாள் மறுபடியும், தன் கையைப் படுக்கவைத்து அவர் கண்ணுக்கு எதிரே காட்டி. கண் பாதி மூடியிருந்தது. ஒரு மூச்சு வந்தது. எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். மரிசெல் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பிறகு காதில் மாட்டும் குழாயால் நெஞ்சைக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள்.

"போயிட்டாரு" என்றாள்.

"நான் சொன்னது காதுல விழுந்திருக்குமா?"

மரிசெல் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "விழும்னுதான் சொல்றோம்" என்றாள்.

*

மரிசெல் அவர் முகத்தைத் துடைத்துத் தலையை வாரினாள். டெல்பர்ட் சமையலறையில் காபி போட்டார். போட்டதை யாரும் குடிக்கவில்லை. ராய்ஸ் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது மேசையைத் தனியாகவே தள்ளிக்கொண்டு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே நிறுத்தி, பலகையை நேராக்கினான்.

"இனிமே எதுக்கு?" என்றார் டெல்பர்ட்.

"தெரியல" என்றான் ராய்ஸ்.

டெல்பர்ட் பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு நோரீனிடம், "நாலு விரல்னா மூணு அங்குலம்னு வெச்சுக்க. இருபத்தஞ்சுல ஒரு பங்குன்னா மூணு மில்லிமீட்டர்" என்றார். "நான் வளைச்சுத் தரட்டுமா? என் கை அவன் கை மாதிரி வராது. ஆனா நிக்கும்."

அவள் யோசித்தாள். "வேணாம் அங்கிள்" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் பலகைமேல் ஒட்டியிருந்த ஊசி முனை அளவு ஈயத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இறுதிச் சடங்கு இல்லத்தின் வேன் தெருவில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் ராய்ஸின் டிரக், மறுபக்கம் டெல்பர்ட்டின் டிரக். நடுவே வாசல் வரைக்கும் ஒரு வண்டி நுழையத்தான் இடம் இருந்தது.

"ஒண்ணை எடுத்துரவா?" என்றார் டெல்பர்ட்.

"வேணாம். வரும்" என்றாள் நோரீன்.

அவள் படியிறங்கி, வேனின் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பாதையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். ஓட்டுநர் ஏறிக்கொள்ள, வேன் பின்னால் வரத் தொடங்கியது. இடது கையில் இரண்டு விரலை மட்டும் அசைத்தாள். வண்டி அந்த அளவே திரும்பியது. நிமிர்த்தினாள். நிமிர்ந்தது. என்ஜின் முன்னால் இருக்கும் பந்தய வண்டியில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதை தெரியாது. எதிரே நின்று தொடக்கக் கோட்டுக்குக் கூட்டிப்போகிற ஆளின் கைகள் மட்டும்தான் தெரியும். அந்த ஞாயிறு அவள் பார்த்தவை அப்பாவின் கைகள். கண்ணாடிக்குள் அந்த ஓட்டுநர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு டிரக்குகளையும் உரசாமல் வண்டி படியருகே வந்ததும் அவள் வலது கையை மூடி முஷ்டியாக்கினாள்.

வேன் நின்றது. அதன் பின்கதவைத் திறக்க ராய்ஸ் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.