சண்டை தீரும்வரை சாவி சிஜியிடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன்குழம்பு இறக்கியாகிவிட்டது, சோறும் வடித்தாயிற்று. கழக்கூட்டம் நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டின் கீழ்த்தளத்துப் பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றார்கள். சிஜி இன்னும் குளித்து வரவில்லை. அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் நின்றார்கள்.

சிஜி ஈரத்தலையோடு வந்தாள். வீட்டுச் சாவிக்கொத்து, பழைய ஆபீஸ் அடையாள அட்டையின் ரிப்பனில் அவள் கழுத்தில் தொங்கியது. உட்கார்ந்ததும் சொன்னாள்.

"ஷெமி, இந்த மாசத்தோட நீ கட்டிலை ஒழிஞ்சு குடுக்கணும், கேட்டியா."

ஷெமி தட்டைக் கீழே வைத்தாள். "எதுக்கு சேச்சி?"

"மாடியில உள்ளவளுவளுக்கு ஒரு வாளி வெள்ளம் கோரிக் குடுத்தல்லே. நான் பாத்தேன்."

"மீராவுக்குக் காய்ச்சல் சேச்சி. குழாய் அடைச்சுக் கெடந்துச்சு."

"காய்ச்சல்னா டாக்டர்ட்ட போணும். வாளிக்கிட்டயா போவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிஜி எதைச் சொன்னாலும் சிரிப்பது இப்போது பழகிவிட்டது.

ஷெமி வித்துராக்காரி. ஐ.டி. பார்க்கில் தரை துடைக்கும் வேலை. காலை ஷிப்டுக்கு அவள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வேறு ஹாஸ்டலில் சேர அவள் சம்பளம் எட்டாது. இந்தக் கட்டில் போனால் வேலையும் போகும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சோற்றுப்பானை பக்கம் திரும்பினார்கள்.

வாய் திறந்திருக்க வேண்டியவள் சுமி. போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். படித்தது சரித்திரம். ரோமாபுரிக் குடியரசு எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள். ராஜாவைத் துரத்திவிட்டு ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாற்றி ஆண்ட ஊர். சண்டை போட்டு அயல்நாடுகளை வளைத்துப் போட்ட ஊர். சண்டையைச் சாக்கிட்டுத் தளபதிகளின் பதவியை நீட்டி நீட்டி, கடைசியில் ஒற்றை ஆளின் காலில் விழுந்த ஊர். எழுதினாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். தான் நின்ற அடுக்களையில் அதே கதை நடந்தபோது அவளுக்குத் தெரியவில்லை. படிப்பு பலருக்கு மார்க்கோடு நின்றுவிடுகிறது.

இந்த வீட்டிலும் முன்பு ஒரு ராணி இருந்தாள். வார்டன். தோசையை எண்ணிப் போடுவாள். குளிக்கப் போனால் கதவைத் தட்டுவாள். பெண்கள் ஒன்றாகப் போய் வீட்டுக்காரி செல்லபாயிடம் முறையிட்டார்கள். "வாடகை முடங்கப்படாது. பின்னே நீங்க எப்படி இருந்தா எனக்கென்ன மக்ளே" என்று செல்லபாய் வார்டனை அனுப்பிவிட்டாள்.

அன்று பிறந்ததுதான் அந்த வழக்கம். அடுக்களை, கேட், மோட்டார் எல்லாவற்றின் சாவியும் ஒரே கொத்தில். அது வாரம் ஒருத்தி கையில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து கை கழுவியதும் அடுத்தவளிடம் போய்விட வேண்டும். எல்லோரையும் சுற்றி வந்தால்தான் மறுமுறை. பேச வேண்டியவள் குழம்புக் கரண்டியைக் கையில் எடுப்பாள். அவள் கரண்டியைக் கீழே வைக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது.

எப்படிப்பட்ட ஞாயிறுகள் அவை! மீன்குழம்புக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்பதற்குக் கூடக் கை தூக்கினார்கள். பாறசாலைக்காரி சிஜி தேங்காய்க் கட்சி, தோற்றாள். "உங்க ஓட்டு நாசமாப் போவட்டு, குழம்பு கஞ்சித்தண்ணி மாரி இருக்கு" என்று திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப ஊற்றிச் சாப்பிட்டாள். ஷெமி முதன்முதலாகக் கரண்டி பிடித்த அன்று பேச்சு வரவில்லை. சிரித்தாள். குழம்பு அவள் காலில் சொட்டியது. எல்லோரும் காத்திருந்தார்கள். தான் பேசட்டும் என்று நாலு பேர் காத்திருப்பதை அவள் அதற்கு முன் கண்டதேயில்லை.

பிறகு கோடை வந்தது, குழாயில் தண்ணீர் குறைந்தது. மாடியில் வாடகைக்கு இருந்த மீராவும் அவள் கூட்டுக்காரிகளும் மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். தொட்டி அங்கேதான் இருந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. அப்போது முன்னால் நின்றவள் சிஜி. பயம் அறியாதவள். பூட்டை உடைத்தாள், தொட்டி வால்வுக்குத் தன் பூட்டைப் போட்டாள். கீழ்த்தளத்தில் அன்று பாயசம். அடுத்து மாடிக்காரிகளின் துணிக்கொடி கீழ்த்தளத்துக்குப் போயிற்று, அதற்கடுத்து அவர்கள் ஸ்கூட்டர் நிறுத்திய ஷெட். ஒவ்வொன்றுக்கும் கீழே கைதட்டினார்கள்.

அந்த வாரம் சாவி சிஜியிடம்; ஞாயிறு அது ஷெமிக்குப் போக வேண்டிய முறை. சுமிதான் கரண்டியை எடுத்தாள். "இப்போ சாவி மாறினா எல்லாம் கையை விட்டுப் போயிரும். சண்டை தீர்ற வரைக்கும் சிஜி அக்காட்டயே இருக்கட்டும்." எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஷெமியின் கை உட்பட.

மழை வந்தது. தொட்டி நிறைந்தது. சண்டை மட்டும் தீரவில்லை. அது தீராமல் சிஜி பார்த்துக்கொண்டாள். மாடிக்காரிகள் வால்வு திறக்கக் கீழே வந்து கதவைத் தட்டினார்கள். கொஞ்ச நாளில் கீழ்த்தளத்துப் பெண்களும் ஒரு டீ போட சிஜியின் கதவைத் தட்டினார்கள்.

இப்போது, ஷெமிக்காக, சுமி கரண்டியை எடுத்தாள்.

"கீழ வை" என்றாள் சிஜி. "குழம்பு ஆறிப்போவும்."

சுமி வைத்துவிட்டாள். ஷெமி அவளைப் பார்த்த பார்வை சோற்றில் கைவைக்க விடவில்லை. சுமி எழுந்து மாடிப்படி ஏறினாள்.

மீரா போர்வைக்குள் கிடந்தாள். கோட்டை அக்ரஹாரத்துப் பெண். தலையை மட்டும் நீட்டி, "என்ன, அடுத்தது கட்டிலா? எடுத்துண்டு போங்கோ" என்றாள்.

"சமாதானம் பேச வந்தேன்."

"சிஜி அனுப்பினாளா?"

"நானாத்தான் வந்தேன்."

மீரா எழுந்து உட்கார்ந்தாள். "பூட்டுப் போட்டது எங்க தப்பு, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம்? உங்க கதவைத் தட்டித் தட்டி நின்னோமே. நீங்க அவ்வளவு கை தூக்கினேளே, அதுல எங்க கை ஒண்ணு உண்டா?"

சுமி படிப் பக்கம் திரும்பினாள். "தட்டை எடுத்துட்டுக் கீழ வாங்க. எல்லாரும்" என்றாள்.

வந்தார்கள். சிஜி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். சுமி கரண்டியை மறுபடி எடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை.

"சண்டை தீர்ற வரைக்கும்னு சொன்னவ நான். தீர்ந்துச்சு. இனி தண்ணிக்கு மேலயும் கீழயும் சேந்து முறை வைப்போம். சாவி மாறணும். ஷெமி எங்கயும் போகமாட்டா. சம்மதம்னா கை தூக்குங்க."

முதலில் தூக்கியது காய்ச்சல்காரி. பிறகு மாடிக்காரிகள். கீழ்த்தளத்துக்காரிகள் ஒருமுறை சிஜியைப் பார்த்துவிட்டு, மெதுவாக.

சிஜியின் முகம் சுருங்கியது. "நான் இல்லேன்னா நீங்கல்லாம் ஒழுங்கா ஒரு நாள் குளிச்சிருப்பீங்களாடீ?"

"மாட்டோம் அக்கா. அதை மறக்கல" என்றாள் சுமி.

சிஜி ரிப்பனைக் கழற்றிச் சோற்றுப்பானை பக்கத்தில் போட்டாள். யாரும் தொடவில்லை. முறைக்காரி ஷெமிகூட அசையவில்லை. அதைப் பார்க்கச் சிஜிக்கே எரிச்சல் வந்தது.

"எடு மோளே. இல்லேன்னா நானே திரும்ப எடுத்துருவேன்."

ஷெமி எடுத்தாள்.

பழைய ஞாயிறு அன்றே திரும்பி வந்துவிடவில்லை. யார் சிரித்தாலும் மற்றவள் சிஜியை ஓரக்கண்ணால் பார்த்தாள். மீன் சாப்பிடாத மீரா மட்டும், அடுத்த வாரம் சாம்பாருக்கு ஓட்டுக் கேட்பேன் என்று மிரட்டினாள்.

பாத்திரம் தேய்க்கும்போது சுமி ஏதோ முணுமுணுத்தாள். குழாயடியில் இருந்த சிஜி திரும்பாமலே சொன்னாள்: "சொல்லணும்னா கரண்டியை எடுத்துச் சொல்லு."

கழுவிய கரண்டியை எடுத்துக்கொண்டு சுமி சொன்னாள்:

"சிஜி அக்காவை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. மாடிக்காரங்களை ஒரு வார்த்தை கேக்காம அடக்கி வச்சப்போ நாமதான் கைதட்டினோம். அடுத்தவங்களைக் கேக்காம ஆளப் பழகினவங்க, ஒரு நாள் நம்மளையும் கேக்கமாட்டாங்க. ஆபத்துக்கு ஒருத்தர் கையில அதிகாரத்தைக் குடுக்கலாம். ஆனா அதைத் திரும்ப வாங்குற நாளையும் குடுக்கிற அன்னைக்கே சொல்லிரணும்."