இடத்தைத் தின்ற படங்கள்

மலேசியாவில் காஹாங் என்ற சிற்றூரில் இருக்கும் அம்மாவுக்கு மலிவு விலையில் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து பிரவீனா ரிப்பேர்க்காரியாகிவிட்டாள். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவதே பெரிய பாடு. வந்தால் அந்தச் சனியன் இடமில்லை, இடமில்லை என்று உயிரை வாங்கும். வேண்டாததை அழித்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போவாள். இரண்டே வாரத்தில் மறுபடி நகர மறுக்கும்.

கண்டதையும் அமுக்காதீர்கள் என்று போனிலேயே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். அம்மா செல்வராணி எதிர்த்துப் பேசியதில்லை. பாலர் பள்ளி ஆசிரியை அவர். டிப்ளோமா முடித்தால்தான் அடுத்த வருடமும் வேலை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் மெனக்கெட்டுப் படிக்கிறார். கடைசிக் கட்டுரைக்குத் திங்கட்கிழமை கெடு. அதைச் சேமிக்கவே இடமில்லை.

சனிக்கிழமை காலை பிரவீனா எரிச்சலோடு உட்கார்ந்து, இடத்தை எது தின்கிறது என்று துருவினாள். தின்றது அவளேதான். வாங்கிய அன்று, அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லையென்று தன் கணக்கைப் போட்டுத் தொடங்கியவள் மாற்ற மறந்திருந்தாள். அவள் கைப்பேசியில் எடுத்த படங்களெல்லாம் அந்தக் கணக்கு வழியாக இங்கே வந்து இறங்கியிருந்தன, எட்டாயிரத்துக்கு மேல். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று புளுகிவிட்டு, தோழிகளோடு மெர்சிங் கடற்கரையில் படகேறிய படங்களும் இருந்தன.

அம்மாவின் கோப்புகள் நாலைந்துதான் மிச்சம். இடம் வேண்டுமென்று தன் பாடக்குறிப்புகளைத் தானே அழித்ததாகச் செல்வராணி சொன்னார்.

"இந்தப் படத்தையெல்லாம் அழிச்சிருக்கலாமேம்மா?"

"நீதான் எனக்கு அனுப்புறேன்னு நெனச்சேன். பேச நேரமில்லன்னாலும் படமாவது அனுப்புறியேன்னு. அத எப்படிலா அழிப்பேன்?"

மெர்சிங்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரவீனா சண்டையாவது போட்டிருப்பாள். நான் அனுப்பவில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனாள்.

கணக்கைத் துண்டித்துப் படங்களை நீக்கினாள். கணினி வேகம் பிடித்தது. செல்வராணி கட்டுரையில் நாலு வரி தட்டிச் சேமித்துப் பார்த்தார். நன்றாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"அப்ப, இனிமே படம் வராதா?"