மூன்று நிமிடத்தில் நாற்பத்தொரு பேர்

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை எனக்கு. அன்று பசி தாங்காமல் மூன்று நிமிடம் முன்னாலேயே அடித்துவிட்டேன். அதனால் ஒரு வகுப்பு முழுவதற்கும் எச்.ஐ.வி. பரவியது.

நடந்தது இதுதான். எச்.ஐ.வி. பற்றிப் பயிற்சி பெற்றுவந்து தன் வகுப்புக்குத் தானே பாடம் எடுத்தாள் ஒரு பதினாறு வயதுக்காரி. கூட்டாளிகள் அவளை 'டாக்டரம்மா' என்பார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, மூன்று பேரோடு கை குலுக்கச் சொன்னாள். எச்.ஐ.வி.க்கு அடையாளமாகச் சிவப்புப் புள்ளி வைத்த ஒரே சீட்டு, 'நெட்டை' என்று கூப்பிடுகிற பையனுக்கு வந்தது. அவனோடு கை குலுக்கியவர்கள் எழுந்தார்கள். அவர்களோடு குலுக்கியவர்களும் எழுந்தார்கள். கடைசியில் நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். விளக்கம் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் மணியடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நெட்டைக்கு ஒரு பெஞ்சு முழுசாகக் கிடைத்தது. ஒருவன் ஆயுள் ரேகை அழியும்வரை கை கழுவினான், கண்ணால் பார்த்தேன். கணக்கு வாத்தியார் நெட்டையின் நோட்டை இடுக்கியால் பிடித்துத் திருத்தினார்.

மாலையில் தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வு. நெட்டை மூன்றாவது ஆள். கடைசியாக ஓடவேண்டிய குண்டன் மாட்டேன் என்றான்.

"அவன் கையிலேர்ந்து குச்சிய வாங்க மாட்டேன் சார்."

"நாலு பேரும் ஓடலன்னா நாலு பேரையும் லிஸ்ட்லேர்ந்து அடிச்சிருவேன்," என்றார் விளையாட்டு வாத்தியார், பேனாவைத் திறந்து.

நெட்டை ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். டாக்டரம்மா மைதானத்துக்குள் ஓடிவந்தாள்.

"எருமைங்களா! கை குலுக்குனா பரவாது. அது விளையாட்டுக்கு. நெஜத்துல ஆணுறை இல்லாத உடலுறவு, நோயுள்ள ரத்தம், ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடறது, அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்கு. அவ்வளவுதான்!"

விளையாட்டு வாத்தியார் தன் விசிலை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கொசு?" என்றான் குண்டன்.

"பரவாது."

"வேர்வை?"

"பரவாதுடா. நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்."

"இவனுக்கு இருக்கா, இல்லையா?"

"சீட்டுல தெரியாது, மூஞ்சியிலயும் தெரியாது. எனக்கும் உனக்கும்கூட டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். இருந்தாலும் குச்சி வாங்கலாம்."

குண்டன் கொஞ்சம் யோசித்தான். பிறகு போய்க் கோட்டில் நின்றான்.

நெட்டை மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினான். குச்சியை நீட்டினான், குண்டன் வாங்கினான். ஆனாலும் நெட்டை நிற்கவில்லை. குண்டன் குச்சியைக் கீழே போட்டுவிடுவானோ என்று பார்த்துக்கொண்டே பக்கத்திலேயே ஓடி, அவனுக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டினான். விதிப் புத்தகத்தில் இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று வாத்தியார் புரட்டிப் பார்த்தார். இல்லை. நாலு பேரையும் அணியில் எழுதிக்கொண்டார்.